இரவில் இரைக்கும் பிள்ளையும் நம் வீட்டுத் தலையணையும்



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் "பிள்ளைக்கு வீசிங்" என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். இயன்றதைக் கொடுக்கிறோம். ஆனால் மருந்து வாங்கிப் போன பிள்ளை படுப்பது அதே மெத்தையில், அதே தலையணையில்தான்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய் உட்புறம் எப்போதும் சற்று வீங்கியே இருக்கும். ஒவ்வாத பொருள் உள்ளே போனதும் குழாய் இறுகி, சளி சுரந்து, இரைப்பு வருகிறது. இரவிலும் பஜ்ர் நேரத்திலும் இருமல் கூடினால் வெறும் சளி என்று விட்டுவிடக் கூடாது.

தலையணைக்குள் வாழும் தூசி உண்ணி கண்ணுக்குத் தெரியாது. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் உணவு. அதன் கழிவே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. காற்றில் ஈரம் கூடினால் அது பெருகும். போடி இலவம்பஞ்சுத் தலையணை சுகமானதுதான், ஆனால் பத்து வருடம் உறை மட்டும் மாற்றி வைத்திருந்தால் அது உண்ணிக்கு வீடு. நம் கோடை வெயில் நமக்குக் கிடைத்த நிஃமத். மெத்தையை மாடியில் காயப்போடுங்கள். ஆனால் உண்ணி செத்தாலும் கழிவு உள்ளேயே இருக்கும். எனவே உறை, போர்வைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி அளவு சூடான நீரில் துவைக்க வேண்டும். மெத்தையைத் தட்டும்போது பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டாம்.

அடுத்தது கரப்பான். அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடும்பங்களில் நடந்த ஆய்வு 1997-இல் வெளியானது. கரப்பான் ஒவ்வாமை இருந்து, படுக்கையறையிலும் கரப்பான் தூசி அதிகமிருந்த பிள்ளைகள், மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பரவை மார்க்கெட்டிலிருந்து வரும் சாக்கையும் அட்டைப்பெட்டியையும் கட்டிலுக்கடியில் சேர்த்து வைக்காதீர்கள். இரவில் எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது.

புகையைப் பற்றிச் சொன்னால் நம் பெரியம்மாக்களுக்குக் கோபம் வரும். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது வழக்கம்தான். வாசனை நமக்கும் பிடிக்கும். இரைப்புள்ள பிள்ளைக்கு அது ஆகாது. கொசுவர்த்திச் சுருள் இன்னும் மோசம். ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கொசுவலை கட்டுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் குடிக்கும் அத்தாமார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டைச் சுத்தம் செய்தாலும் மருந்தை நிறுத்தக் கூடாது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்பது தவறு. மாத்திரையைவிடக் குறைந்த அளவு மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. பெண்பிள்ளை என்றால் சம்பந்தம் பேசும்போது தெரிந்துவிடும் என்று மறைக்கிறார்கள். மறைத்த மருந்து வேளைக்குக் கிடைக்காது. ரமலானில் பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. ஆசைப்பட்டு வைத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மருந்து நேரத்தை மாற்றாதீர்கள்.

பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், மருத்துவர் சொன்ன அவசர இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள், அல்லது அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆட்டோ வாடகையைப் பிறகு நமது அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம்.