லினக்ஸ் போட்டதும் திரை கறுத்துவிட்டதா?

கேள்வி: என் அப்பா, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட் ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். பீஸ் ரேட் கணக்கெல்லாம் வீட்டிலுள்ள பழைய லேப்டாப்பில்தான் இருக்கிறது. அதில் என்விடியா கிராபிக்ஸ் உண்டு. விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது, 11 அதில் ஏறாது. அதனால் விண்டோஸை அழிக்காமல் கூடவே லினக்ஸ் மின்ட் போட்டேன். பென்டிரைவில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தபோது திரை வரவில்லை. 'கம்பாட்டிபிலிட்டி மோடு' வரியில் வந்தது, அதிலேயே இன்ஸ்டால் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் லோகோ வருகிறது, மெனு வருகிறது, மின்ட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரே கறுப்பு. கடையில் மதர்போர்டு போயிருக்கும் என்கிறார்கள். கணக்கெல்லாம் போய்விட்டதா?

- கல்லூரி மாணவி, விரிஞ்சிபுரம்

பதில்: கவலைப்படாதீர்கள். மதர்போர்டுக்குப் பணம் கொடுக்க இப்போது அவசியமே இல்லை. லோகோவும் மெனுவும் தெரிகின்றன என்றால் திரை, கேபிள், பேக்லைட் மூன்றும் வேலை செய்கின்றன என்று பொருள். முதல் வேலையாக அதே மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள். அது வந்துவிட்டால் மதர்போர்டு சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. உடனே அப்பாவின் கணக்குகளை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். வேறு எதையும் அதற்குப் பிறகே தொடுங்கள். விண்டோஸ் வராவிட்டால், இன்ஸ்டால் செய்த பென்டிரைவைச் செருகி, கம்பாட்டிபிலிட்டி மோடில் திறந்தும் நகல் எடுக்கலாம்.

இனி காரணம். லேப்டாப்பை ஆன் செய்ததும் திரையை நடத்துவது போர்டிலேயே உள்ள ஃபர்ம்வேர். மெனு வரை அதன் பொறுப்பு. பிறகு லினக்ஸ் கெர்னல் தன் கிராபிக்ஸ் டிரைவரைக் கொண்டு திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. உங்கள் திரை கறுப்பது அந்தக் கைமாற்றத்தில்தான். என்விடியா நெடுங்காலம் தன் சிப்புகளின் விவரங்களை முழுமையாக வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் அவற்றை ஆராய்ந்து தாங்களே எழுதிய 'நூவோ' என்ற டிரைவர் 2010 முதல் கெர்னலோடு வருகிறது. பெரிய உழைப்பு அது. ஆனாலும் சில மாடல்களில் தடுமாறும்.

கம்பாட்டிபிலிட்டி மோடு செய்வது, இந்தக் கைமாற்றத்தைத் தவிர்க்கச் சொல்லி ஒரு கட்டளையைச் சேர்ப்பதுதான். பென்டிரைவில் இருந்த அந்தக் கட்டளை இன்ஸ்டால் ஆன மின்ட்டில் இல்லை. அதனால்தான் அங்கே வந்த திரை இங்கே வரவில்லை. அதை நாமே ஒருமுறை சேர்த்துவிடலாம்.

1. மெனுவில் மின்ட் வரியின்மேல் நின்று, ஆங்கில எழுத்து வரிசையின் ஐந்தாம் எழுத்தான 'ஈ' விசையைத் தட்டுங்கள். சில வரிகள் விரியும்.

2. 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிப் பக்கம் 'குவைட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதன்பின் ஓர் இடைவெளி விட்டு, 'நோ', 'மோட்', 'செட்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து, சிறிய எழுத்தில் ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்யுங்கள்.

3. எஃப் 10 விசையை அழுத்துங்கள். மின்ட் திறக்கும்.

தப்பாக அடித்துவிட்டாலும் பயமில்லை. இந்த மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டும்தான், ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். உள்ளே போனதும் எழுத்து பெரிதாகவும் அசைவு மந்தமாகவும் இருக்கலாம். இன்டர்நெட்டை இணைத்து, அப்டேட்களை முடித்து, மின்ட்டுக்குள் இருக்கும் மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, 'ரெக்கமண்டட்' என்று காட்டும் என்விடியா டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால், டிரைவர் போடும்போது புதிதாக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல்' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது, திரை மறுபடியும் கறுக்கலாம்.

சேர்த்த கட்டளையை நிரந்தரமாக்கச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் கிராபிக்ஸ் சிப் முழுத் திறனில் இயங்காது, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதும் பெரும்பாலும் போய்விடும்.

இதே தொல்லை உள்ள மற்ற வாசகர்களுக்கு: மெனுவே தெரியாவிட்டால், லோகோ மறைந்ததும் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள், பழைய பயாஸ் கணினியில் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். திரை முழுக்க இருட்டாக இருக்கும்போது டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கோளாறு பேக்லைட்டில். லோகோகூட வராவிட்டால் அது லினக்ஸின் குறை அல்ல. ரேம், கேபிள் பார்க்கக் கடைக்குப் போகலாம்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதுவும் மின்ட், உபுண்டுபோல டெபியன் வழிவந்ததே. திரை கறுத்தால் அதிலும் இதே கட்டளையைச் சேர்த்துப் பார்க்கலாம். தமிழிலேயே மேலும் படிக்க, 2012 முதல் வரும் கணியம் இதழ் இருக்கிறது.

14 அக்டோபர் 2025-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றபின், இன்னும் ஓடக்கூடிய நல்ல கணினிகள் எத்தனையோ ஓரங்கட்டப்படுகின்றன. உங்கள் வீட்டு லேப்டாப் அந்த வரிசையில் சேர வேண்டியதில்லை. இன்று கணக்குகளை நகல் எடுங்கள், நாளை டிரைவரைப் போடுங்கள்.