பருவுக்கு சாரெசைக்ளின்: தொடங்கும் முன்பே முடிவைக் கேளுங்கள்

முப்பது வயதைத் தாண்டியும் என் தாடையோரம் சீழ்ப் பருக்கள் ஓயவில்லை. முதலில் போட்ட டாக்ஸிசைக்ளின் மாத்திரை வயிற்றைப் புரட்டியது. பிறகு, இங்கே அமெரிக்காவில் என் தோல் மருத்துவர் சாரெசைக்ளின் எழுதித் தந்தார். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற்ற மாத்திரை இது. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்தான் என்றாலும் இதன் வீச்சு குறுகியது. பருவில் பெருகும் கிருமியை நன்றாகத் தாக்கும். குடலில் வாழும் பல கிருமிகளை அவ்வளவாகத் தொடாது. என் வயிறு இதை எளிதாக ஏற்றுக்கொண்டது.

நான் கற்றவை இவை:

அளவு எடையைப் பொறுத்தது. 33–54 கிலோவுக்கு 60 மி.கி., 55–84 கிலோவுக்கு 100 மி.கி., 85–136 கிலோவுக்கு 150 மி.கி. நாளுக்கு ஒரு முறை போதும். அடுத்தவருக்கு எழுதிய மாத்திரை உங்களுக்கு ஆகாது.

இரும்பு, கால்சியம், ஆன்டாசிட் மாத்திரைகளைத் தள்ளி வையுங்கள். அவை மருந்தை உடலில் சேரவிடாது. நான் சாரெசைக்ளினைக் காலையிலும் இரும்புச்சத்து மாத்திரையை இரவிலும் போட்டேன். நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள்; உடனே படுக்காதீர்கள்.

மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள். ஆன்டிபயாடிக்கைத் தனியாகப் போட்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். முகத்தில் பூசும் பென்சாயில் பெராக்சைடு அதைத் தடுக்க உதவும். அது துணியை வெளுக்கும். வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அடாபலீன் ஜெல்லை முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு எடுத்துப் பூசினேன். பருவின் மேல் மட்டும் வைத்தால் அடுத்த பரு வருவதைத் தடுக்க முடியாது.

எச்சரிக்கைகள். கர்ப்பிணிகளுக்கு சாரெசைக்ளின் கூடாது. பருவுக்கான மற்றொரு மருந்தான ஐசோட்ரெடினாயினோடு சேர்த்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடலாம். கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போங்கள். வெயிலில் சன்ஸ்கிரீன் அவசியம்.

செலவை முன்பே விசாரியுங்கள். விலை அதிகம். மலிவான மருந்தைப் பயன்படுத்திப் பார்த்த விவரத்தை இன்சூரன்ஸ் கேட்கலாம். பழைய மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்புதலுக்கான ஆய்வுகள் 12 வாரம் நடந்தவை. அதற்கு மேல் எவ்வளவு பலன் தரும் என்பது உறுதியாகவில்லை. குறுகிய வீச்சு என்பதற்காக மாதக்கணக்கில் நீட்டாதீர்கள். எப்போது நிறுத்துவது, அதன் பிறகு எந்தக் களிம்பைத் தொடர்வது என்ற இரண்டையும் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.