வீட்டில் கை வைக்குமுன்: கொழும்பு வீட்டுக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

கொட்டாஞ்சேனையில் பாட்டன் கட்டிய ஓட்டு வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்பலாமா? வெள்ளவத்தை பிளாட்டில் பல்கனியை மூடி ஓர் அறை எடுக்கலாமா? பிள்ளைகள் வளர்ந்து இடம் போதாமல் போகும்போது இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. மேசன் பாஸிடம் கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்பார். வேலை முடிந்ததும் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நோட்டீஸ் வருவது வீட்டுக்காரர் பெயருக்கு.

1. கொழும்பில் கட்டட வேலையைக் கட்டுப்படுத்தும் முக்கிய சட்டங்கள் இரண்டு. ஒன்று, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். மற்றது, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். பெயின்ட் அடிப்பதற்கும் உடைந்த ஓட்டை மாற்றுவதற்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அறை சேர்ப்பது, மாடி எழுப்புவது, வீட்டின் முன்பகுதியைக் கடையாகவோ டியூஷன் வகுப்பாகவோ மாற்றுவது எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடத்துடன் முதலில் மாநகர சபையில் விசாரியுங்கள். கையில் கிடைக்கும் அனுமதிப்பத்திரத்துக்கு ஓர் ஆண்டுதான் ஆயுள். வேலை இழுபட்டால், திகதி முடியுமுன் நீடிப்புக் கேளுங்கள்.

2. வேலை முடிந்ததும் சி.ஓ.சி. எனப்படும் இணக்கச் சான்றிதழை எடுங்கள். அங்கீகரித்த வரைபடத்தின்படியே கட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அது இல்லாமல் புதுக் கட்டடத்தில் குடியேறக்கூடாது என்று 1915ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பலர் பால் காய்ச்சிக் குடிபுகுந்ததோடு இதை மறந்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து விற்கவோ வங்கிக் கடன் எடுக்கவோ போகும்போதுதான் சிக்கல் தெரிய வரும்.

3. பழைய அத்திவாரத்தின் மேல் புது மாடி வேண்டவே வேண்டாம், பட்டயப் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து எழுதித் தரும் வரைக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றின் சுவர்கள் கபுக் கல்லும் சுண்ணாம்பும்தான். கொங்கிரீட் தட்டின் பாரத்தை எண்ணி அவற்றை எவரும் கட்டவில்லை. 2017 மே மாதம் வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அருகே பல மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து உயிர்ப்பலி எடுத்தது. அந்தப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

4. பக்கத்துக் காணியில் தொடர்மாடி எழும்பப் போகிறதா? உங்கள் கவனம் முழுவதும் இங்கே இருக்க வேண்டும். பைலிங் தொடங்கியபின் சுவரில் வெடிப்பு விழுந்தால், "அது முன்பே இருந்தது" என்பதுதான் எதிர்த்தரப்பு சொல்லும் முதல் பதில். ஆகவே இயந்திரம் வந்து இறங்குமுன் வீட்டின் ஒவ்வொரு சுவரையும் தரையையும் மதிலையும் திகதி தெரியப் படமெடுத்து வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெடிப்பு ஆய்வு செய்து அறிக்கை தருகிறது. அதைக் கட்டுநர் தன் செலவில் செய்து ஒரு பிரதியை உங்களிடம் தரவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நம் நாட்டின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டப்படி, அயல் காணியைத் தோண்டுபவர் உங்கள் நிலத்துக்கு இருக்கும் பக்கத் தாங்கலைப் பறிக்க முடியாது. சத்தத்துக்கும் எல்லை உண்டு. 1996ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் கட்டட வேலைக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 50 டெசிபல் என்று வரையறுத்திருக்கின்றன. வயதான பெற்றோர் உள்ள வீட்டில் இரவு முழுக்க கொங்கிரீட் ஊற்றினால் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். பொலிசில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

5. காணி வாங்கும்போது உறுதியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வீதிக் கோடு எங்கே ஓடுகிறது என்று காட்டும் சான்றிதழை நொத்தாரிசு மூலம் மாநகர சபையில் எடுங்கள். வீதியை அகலிக்க ஒதுக்கிய கோட்டுக்குள் உங்கள் முன் விறாந்தை விழுந்தால், அங்கே ஒரு கல்லும் வைக்க முடியாது.

6. காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். மெரைன் டிரைவை ஒட்டிய ஒழுங்கைகளெல்லாம் அதற்குள் வருகின்றன. அங்கே கட்டுமுன் கரையோரம் பேணல் திணைக்களத்திலும் விசாரிக்க வேண்டும்.

7. அண்ணன் தம்பி காணி பிரிக்கிறீர்களா? ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச்சுக்குக் குறையக்கூடாது என்பது பொதுவான விதி. பிரித்து உறுதி முடித்தபின் வரைபடம் மறுக்கப்பட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

8. பிளாட் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல: கொண்டோமினியத் திட்டவரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா? அது பதிவாகாவிட்டால் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி இல்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் கூரை, படிக்கட்டு, லிஃப்ட், வெளிச்சுவர் போன்றவற்றைப் பொதுச் சொத்தாக வைக்கின்றன. உங்கள் பல்கனிதானே என்று நினைத்து மூடினாலும் கட்டடத்தின் வெளித்தோற்றம் மாறும். முதலில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் சம்மதத்தைக் கேளுங்கள். தூணிலும் பீமிலும் துளை போடவே கூடாது. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு சொல்: இலங்கைக் குடியுரிமையை விட்டவர்கள் காணி வாங்குவதற்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடை விதிக்கிறது; பிளாட் வாங்குமுன் இப்போதைய நிபந்தனைகளை விசாரியுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

9. மாடி எழுப்ப இடம் வேண்டும் என்று பின் வளவுப் பலா மரத்தை வெட்டிவிடாதீர்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி தேவை. கிராம சேவகரிடம் தொடங்குங்கள்.

10. மழைநீரை மலக்குழாயில் விடாதீர்கள்; மழை பலத்தால் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். பீலி, தண்ணீர்த் தொட்டி, மாடியில் கிடக்கும் பழைய வாளி எல்லாவற்றையும் கிழமைக்கு ஒரு தரம் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வீட்டுக்காரரைத்தான் பொறுப்பாக்குகிறது. பாதி கட்டிய வீட்டில் தேங்கும் நீருக்கும் அப்படியே. டெங்குக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் உள்ள நகரம் இது.

11. வயரிங் மாற்றினால் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் பூட்டுங்கள். புதிய பிளக் பொயின்ட் 13 அம்பியர் சதுர ஊசி வகையாக இருக்கட்டும்.

12. மாநகர சபை வரியை ஜனவரி 31க்கு முன் ஆண்டு முழுவதற்கும் கட்டினால் 10 சதவீதம் கழிவு. பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள்.

13. பக்கத்தில் எழும்பும் கட்டடத்துக்கு எத்தனை மாடிக்கு அனுமதி என்று அறிய எவரையும் கெஞ்ச வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையிலோ, பத்தரமுல்லை செத்சிறிபாயவில் உள்ள நகர அபிவிருத்தி அதிகார சபையிலோ தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.