கிழிகிற ஹோஸ் மைதானத்திலேயே கிழியட்டும்

தீயணைப்புத் துறையில் புதிதாய்ச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, ஏணி ஏறுவதிலும் ஆளைத் தோளில் போட்டு இறக்குவதிலும் நீங்கள் காட்டுகிற உற்சாகம் ஹோஸ் கழுவும்போது காணாமல் போய்விடுகிறது. புகைக்குள் நுழைந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதும், திரும்பி வர வழி காட்டுவதும் அதே ஹோஸ்தான். அது உள்ளே கிழிந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். பணியில் இருந்த காலத்தில் புதியவர்களுக்குச் சொல்லிவந்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. கனத்தை மதியுங்கள்.
63 மி.மீ. டெலிவரி ஹோஸ் 15 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 47 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது ஒரு ஆள் பாரம். ஆகவே காலியாக இருக்கும்போதே, தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் நீளத்துடன் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளுங்கள். "வாட்டர் ஆன்" சொன்ன பிறகு இழுத்துக்கொண்டு திண்டாடாதீர்கள். 20 மி.மீ. நாஸிலில் சதுர செ.மீ.க்கு 7 கிலோ பிரஷர் கொடுத்தால், ஹோஸ் முனையில் மாட்டும் பிராஞ்ச் ஏறத்தாழ 45 கிலோ விசையில் உங்களைப் பின்னுக்குத் தள்ளும். தனியாகப் பிடிப்பது வீரம் இல்லை, விபத்துக்கு அழைப்பு.

2. கையில் இருப்பது எந்த ஹோஸ் என்று தெரிந்திருக்க வேண்டும்.
ஆர்.ஆர்.எல். ஹோஸுக்கு உள்ளே ரப்பர் பூச்சு உண்டு, தண்ணீர் கசியாது. இதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 636. சி.பி. ஹோஸ், ஐ.எஸ். 8423 தரத்தில் வருவது, வேண்டுமென்றே லேசாக வியர்க்கும். அந்த ஈரம்தான் தணலில் அதைக் காப்பாற்றும். குடிசை எரிந்து முடிந்த இடத்தில் ஆர்.ஆர்.எல். ஹோஸைத் தணலின் மேலேயே இழுத்துவிட்டு, "ஓட்டை எப்படி வந்தது" என்று கேட்கக் கூடாது. அதுபோல, சி.பி. ஹோஸ் வியர்ப்பதைப் பார்த்து லீக் என்று ஒதுக்கவும் கூடாது.

3. கப்ளிங்கைக் கீழே போடாதீர்கள்.
ஆண் கப்ளிங் வண்டிப் பக்கம், பெண் கப்ளிங் தீயின் பக்கம். இந்த ஒழுங்கு இருட்டிலும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். தரையில் விழுந்தால் கப்ளிங் வட்டம் கெடும். கெட்ட வட்டம் அவசரத்தில் மாட்டாது. பெண் கப்ளிங்குக்குள் இருக்கும் வாஷரை விரலால் தடவிப் பாருங்கள். இறுகிப்போயிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். இரண்டு பக்க லக்கும் ஸ்பிரிங்கோடு துள்ளித் திரும்ப வேண்டும். கிரீஸும் எண்ணெயும் ரப்பருக்கு ஆகாது.

4. அடாப்டர் வண்டியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாருங்கள்.
1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, வாஷிங்டனிலிருந்து ரயிலில் வண்டிகள் வந்து இறங்கின. ஆளும் இருந்தது, பம்பும் இருந்தது. ஹோஸ் கப்ளிங் மட்டும் அந்த ஊர் ஹைட்ரன்டில் மாட்டவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அந்த நாட்டில் கப்ளிங்குக்குப் பொதுத் தரம் வேண்டும் என்ற பேச்சு வலுத்ததே அதன் பிறகுதான். உங்கள் எல்லைக்குள் இருக்கிற ஆலைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சாதாரண நாளில் போய், உங்கள் ஹோஸை அவர்கள் வால்வில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

5. பிராஞ்சை மெதுவாகத் திற, மெதுவாக மூடு.
ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம் முழுக்க அதிர்ச்சியாகத் திரும்பிப் போய் ஹோஸையும் பம்பையும் அடிக்கும். கிழிகிற ஹோஸ்களில் பல இந்த அடியில் கிழிகிறவைதான். சுவர் விளிம்பில் உரசும் இடத்தில் சாக்கு மடித்து வையுங்கள். வண்டி ஏறும் இடத்தில் ராம்ப் போடுங்கள்.

6. கழுவாமல் சுருட்டாதீர்கள்.
பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். எண்ணெய் பட்டிருந்தால் மட்டும் லேசான சோப்பு. கடற்கரை ஊர்களில் உப்புத் தண்ணீர் அடித்திருந்தால் நல்ல தண்ணீரை உள்ளே விட்டு அலசுங்கள். ஃபோம் அடித்திருந்தாலும், ரசாயனக் கிடங்கில் வேலை செய்திருந்தாலும் அப்படித்தான். பிறகு ஹோஸ் டவரில் தொங்கவிட்டு, முழுக்கக் காய்ந்ததும் சுருட்டுங்கள். உச்சி வெயிலில் தார் ரோட்டில் விரிப்பது காயவைப்பது ஆகாது. பயன்படாமல் கிடக்கும் ஹோஸை அவ்வப்போது பிரித்து, மடிப்பு வேறிடத்தில் விழும்படி சுருட்டி வையுங்கள்.

7. சோதனையில் உங்கள் எதிரி காற்று.
ஹோஸில் தண்ணீர் நிரப்பி, பிரஷர் ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. இதைக் கவனமாகக் கேளுங்கள். தண்ணீர் அநேகமாகச் சுருங்காது. 47 லிட்டர் தண்ணீரை 20 கிலோ பிரஷரில் அழுத்தினால் அரை டீ கிளாஸ் அளவுதான் குறையும். அதனால் தண்ணீர் மட்டும் இருக்கும் ஹோஸ் கிழிந்தால் பிரஷர் உடனே இறங்கிவிடும். காற்றோ அதே அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கி, விடுதலைக்குக் காத்திருக்கும். ஹோஸ் கிழியும் அந்த நொடியில் அது விரிந்து, கப்ளிங்கைத் தூக்கி வீசும். மூடிய முனையின் மேல் எவ்வளவு விசை இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 63 மி.மீ. வாய்க்கு 31 சதுர செ.மீ. பரப்பு, 20 கிலோ பிரஷரில் 600 கிலோவுக்கு மேல். அந்த விசையில் பறக்கும் கப்ளிங் ஆளின் காலை முறித்துவிடும்.

8. வரிசை மாறக் கூடாது.
சமதரையில் ஹோஸை நேராக விரியுங்கள். வெளித்துணி உலர்ந்திருக்கட்டும், அப்போதுதான் கசிவு கண்ணுக்குத் தெரியும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. அமைப்பு வகுத்த, 1962 என்ற எண்ணுள்ள தரம் ஒரு வரிசை 91 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றது. நல்ல வரம்பு, பின்பற்றுங்கள். கடைசி முனையில் பிராஞ்சைத் திறந்து வைத்து, 3 கிலோ பிரஷரில் நிரப்புங்கள். முனையை உயர்த்திப் பிடித்து, சீறலும் துப்பலும் நின்று தண்ணீர் ஒரே சீராக வரும்வரை காற்றை விரட்டுங்கள். பிறகு மெதுவாக மூடி, முனையைக் கயிற்றால் கட்டுங்கள். ஒவ்வொரு கப்ளிங்குக்கும் பின்னால் ஹோஸின் மேல் ஒரு கோடு போடுங்கள். ஆட்களை விலக்கிவிட்டுத்தான் பிரஷர் ஏற வேண்டும், அதுவும் படிப்படியாக. எவ்வளவு ஏற்றுவது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள், ஊகம் வேண்டாம். பம்புக்கும் ஹோஸுக்கும் நடுவே டெஸ்ட் வால்வு இருந்தால் இன்னும் நல்லது. நிரப்பிய பிறகு அதை மூடிவிட்டால், அதன் கதவில் உள்ள 6 மி.மீ. துளை வழியாகத்தான் பிரஷர் போகும். ஹோஸ் கிழிந்தாலும் பம்ப் தண்ணீரைக் கொட்டி அதைத் துள்ளவிடாது.

9. நிற்கும் இடம்.
பம்ப் பக்கம் நின்று கடைசி முனையைப் பாருங்கள். இடப்பக்கம், நாலரை மீட்டர் தள்ளி. பிரஷர் ஏறும்போது ஹோஸ் பெரும்பாலும் வலப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். முனைக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், ஹோஸைக் காலுக்கு நடுவில் விட்டு நிற்காதீர்கள், பிரஷர் இருக்கும்போது கசியும் இடத்தைக் கையால் தொடாதீர்கள். ஹெல்மெட், பூட்ஸ் இல்லாதவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் வேலிக்கு வெளியே.

10. கோடு நகர்ந்தால் ஹோஸ் தோற்றது.
பிரஷரை இறக்கி, தண்ணீரை வடித்துவிட்டுப் போட்ட கோடுகளைப் பாருங்கள். கப்ளிங் நழுவியிருந்தால் அதை ஹோஸோடு கட்டியிருக்கும் பைண்டிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள். மறுபடி கட்டி, மறுபடி சோதியுங்கள். டார்ச் அடித்து உட்பூச்சு கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள். தோற்ற ஹோஸில் கிழிந்த இடத்திலேயே சிவப்புத் துணி கட்டிப் பிரித்து வையுங்கள். "சின்ன அழைப்புதானே, இதையே எடுத்துப் போவோம்" என்று யாராவது சொல்வார்கள். வந்த அழைப்பு சின்னதா பெரியதா என்று ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாது.

11. சக்‌ஷன் ஹோஸை மறக்காதீர்கள்.
கிராமத்து ஸ்டேஷன்களில் கிணறும் ஏரியும்தான் ஹைட்ரன்ட். சக்‌ஷன் ஹோஸ் உள்நோக்கி இழுபடுவதால் அதன் சோதனையும் வேறு. முனையை மூடியால் அடைத்து, பிரைமரை ஓட்டி, வெற்றிடம் ஏறியதும் நிறுத்திக் கேஜைப் பாருங்கள். முள் மளமளவென்று இறங்கினால் எங்கோ காற்று நுழைகிறது. முதலில் வாஷர்களைச் சந்தேகியுங்கள். கணக்குப்படி தண்ணீர் பத்து மீட்டர் உயரம்வரை ஏறலாம்; நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். ஓட்டை இருந்தால் அதுவும் கிடையாது.

12. ஆண்டுக்கு ஒருமுறை, கோடைக்கு முன்.
1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தபோது, அதன் தீயை அணைக்கத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த 66 வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாம் தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம். பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல ஹோஸாகப் பொறுக்கித் தண்ணீர் பீய்ச்சிக் காட்டுவோம். அந்த வாரம் வருமுன்பே ஸ்டேஷனில் உள்ள ஒவ்வொரு ஹோஸையும் சோதித்து முடித்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிசைத் தீ அதிகமாகும் மாதங்களும் அப்போதுதான் தொடங்கும்.

13. பதிவேட்டில் பொய் எழுதாதீர்கள்.
ஹோஸ் எண், தேதி, பிரஷர், அது நின்ற நேரம், முடிவு, சோதித்தவர் கையெழுத்து. பிரிக்காத ஹோஸுக்கு "சரி" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். மூத்தவர் சொன்னாலும் "ஐயா, இன்னும் சோதிக்கவில்லை" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இன்னொருவன் பிராஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவான். அவன் உங்கள் ஷிஃப்டில் இருப்பவனாகவே இருக்கக்கூடும்.