அரசாங்க ஏடும் ஊரார் கண்ணும்

அரசாங்கங்கள் தம் ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்றிக் குடிகளுக்குக் காட்டத் தொடங்கிச் சில பத்தாண்டுகள் கழிந்தன. அவற்றுள் எவை பயன் தந்தன, எவை பெயரளவில் நின்றன என்று ஆராய்வோர் பலரும், தளத்தைப் பார்த்தவர் எத்துணைப் பேர், வழங்கிய சான்றிதழ்கள் எத்துணை என எண்ணிக்கையால் அளந்து அமைவர். அவ்வளவு போதாதென்பது எம் கருத்து. தன்னைப்பற்றி அரசாங்கம் எழுதிவைத்திருப்பது மெய்யோ பொய்யோ என்று ஓர் எளிய குடிமகன் தானே காணவும், பொய்யாயின் திருத்துவித்துக்கொள்ளவும் இயலுமா என்பதே அளவுகோலாதல் வேண்டும். இதனை இரண்டு மாநிலங்களில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதலாவது, கருநாடகத்தின் 'பூமி' என்னும் நிலப்பதிவுத் திட்டம். அதற்குமுன் நிலவுடைமை ஏடுகள் ஏறக்குறைய 9,000 கிராமக் கணக்கர் கையில் இருந்தன. பயிர்க்கடன் வேண்டும் உழவன் தன் நிலத்துக்குரிய நகலைப் பெறக் கணக்கரைத் தேடி அலைதலும், கைக்கூலி கொடுத்தலும் வழக்கமாயிருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், 67 இலட்சம் உழவர்க்குரிய ஏறத்தாழ 2 கோடி நிலப்பதிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. வட்டத் தலைநகரில் அமைந்த சாளரத்தில் 15 ரூபாய் செலுத்தினால் நகல் கிடைத்தது. உரிமை மாற்றம் கோரும் மனுக்களை வந்த வரிசையிலேயே எடுத்தல் வேண்டும். முன்னதைத் தள்ளிப் பின்னதை எடுக்க அலுவலர்க்கு வழியில்லாதபடி பொறியே தடுத்தது.

இவற்றினும் எம் கருத்தை மிகக் கவர்ந்தது சிறியதொரு செய்தி. அச்சாளரத்தில் எழுத்தர் பார்க்கும் திரையோடு, உழவனை நோக்கி மற்றொரு திரையும் வைக்கப்பட்டது. தன் நிலத்தைப்பற்றி எழுத்தர் செய்வதை அவன் உடனிருந்து கண்டான். எத்துணை எளிய ஏற்பாடு! ஆயினும், எழுத்தறியாதானுக்கு அத்திரை என் செய்யும்? அன்றியும், பழைய ஏட்டில் இருந்த பிழை கணிப்பொறியில் ஏறியபின்னும் பிழையே. முன்பு அருகூரில் இருந்த கணக்கரை விட்டு வட்டத் தலைநகர்வரை செல்லும் செலவும் சிலர்க்கு நேர்ந்தது. ஒருவன் தனியே நின்று தன் ஏட்டைப் பார்த்தலில் உள்ள குறை இது. ஊரார் கூடிப் பார்த்தால் என்னாகும் என்பதற்கு இராசத்தானத்திற்குச் செல்லல் வேண்டும்.

அங்கு 1990-இல் தோன்றிய 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் உழவர் தொழிலாளர் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் பொது விசாரணை ஒன்றை நடத்திற்று. பஞ்சாயத்து வேலைகளுக்குரிய கூலிப் பட்டியல் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டது. கேட்டிருந்தவருள் பலர்க்கு எழுத்து வாசனை இல்லை. இருந்தும் என்? இறந்தவர் பெயரிலும், ஊரைவிட்டுப் போனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருத்தலைக் கேட்ட அளவிலே அறிந்துகொண்டனர். தணிக்கையாளர்க்குப் பட்டியலின் கூட்டுத்தொகை சரியா என்பது தெரியும். பட்டியலில் உள்ளவன் உயிரோடிருக்கிறானா என்பது அண்டை வீட்டாருக்கே தெரியும். இவ்வியக்கமும் இதனோடொத்த பிறவும் பெருகி, 2005-இல் நாடு முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. நம் தமிழ்நாடு அத்தகைய சட்டத்தை 1997-லேயே இயற்றி மாநிலங்களுள் முந்திக்கொண்டது என்பதை இடையே நினைவூட்டுகின்றோம்.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, குடிகள் மனுச் செய்யும் தேவையே குறையுமாறு அரசாங்கம் தகவல்களைத் தானே வெளியிடுதல் வேண்டும் என்கிறது. அதனை நிறைவேற்றும் பொருட்டு இராசத்தான அரசு 2019 செப்டெம்பர் 13-ஆம் நாள் 'சன் சூச்னா' என்னும் தளத்தைத் திறந்தது. சன் என்பது மக்கள். சூச்னா என்பது தகவல். மனுவும் கட்டணமும் பதிவும் இன்றி, எவரும் தம் பஞ்சாயத்தைத் தெரிந்தெடுத்து, அவ்வூர் நியாயவிலைக் கடையில் எக்குடும்பம் எவ்வளவு தானியம் பெற்றதாக எழுதப்பட்டுள்ளது என்று காண வழி செய்யப்பட்டது. ஒரு குடும்பத் தலைவி, 'இம்மாதம் எமக்குக் கோதுமை வரவில்லையே. ஏட்டில் வந்ததாக உள்ளதே' என்று கடைக்காரரைக் கேட்கும் ஆற்றல் இதனாற் பெற்றாள்.

இதன் சிறப்பு யாது? பெரும்பாலான அரசாங்கத் தளங்கள் துறை துறையாய், திட்டம் திட்டமாய் அடுக்கப்பட்டிருத்தல் அலுவலர்க்கு எளிது. குடியானவனோ தன் ஊரை அறிவான், துறையை அறியான். ஆகவே ஊர்வாரியாக அடுக்கியது முதற் சிறப்பு. தளம் அமைக்குமுன்னும் பின்னும் அரசு அலுவலரும் மக்கள் அமைப்பினரும் கூடி, எவை வெளியிடத்தக்கன, எவ்வடிவில் என்று உரையாடியது மற்றொன்று. இதனையே யாம் பெரிதாக மதிக்கின்றோம். கேட்பவரை விட்டுவிட்டுக் கொடுப்பவர் மட்டும் அமைத்த தளத்தில், கேட்கப்படாதனவே மிகுதியாய் இருக்கும்.

நிற்க. திருத்தும் வழி இல்லாத ஏடு கொடியது. அதே இராசத்தானத்தில் 2016-இல் ஓய்வூதியப் பட்டியலைச் சீர்செய்யப் புகுந்தபோது, உயிரோடிருந்த முதியோர் சிலர் இறந்தோராகக் குறிக்கப்பட்டு உதவித்தொகை இழந்தனர். கணிப்பொறிக்கு அவர் இறந்தவரே. எதிரே வந்து நின்றாலும் ஒருமுறை எழுதியதை அழிக்க எளிதில் இசையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியென்று அலுவலகங்கள் மனநிறைவு கொள்ளலாம். காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த எமக்கு, அந்தக் கணக்கு மனத்திற்கு ஒவ்வவில்லை. எஞ்சிய அந்த ஒருவர் யாரிடம் செல்வார், எத்தனை நாளில் விடை பெறுவார் என்பது முகப்பிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

இனி ஒரு தடை எழும். பிறர் பெறும் கூலியையும் தானியத்தையும் ஊரெல்லாம் பார்ப்பது அவர்தம் அந்தரங்கத்தைக் குலைப்பதன்றோ என்பர். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்தி, தனிநபர் பற்றிய தகவலை மறுக்கும் விலக்கினை முன்னினும் அகலமாக்கிற்று. பொது நன்மை மேலோங்கின் வெளியிடலாம் என்னும் விதி அதே பிரிவில் வேறிடத்தில் உளதாயினும், அலுவலர் கை மறுக்கும் பக்கமே சாயும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் காரணமற்றதன்று.

இதில் யாம் ஒரு வேறுபாடு காண்கின்றோம். ஒருவரது வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், நோய், தொலைபேசி எண் ஆகியவை எவர்க்கும் காட்டத்தக்கன அல்ல. அவை கசிந்தால் ஏழையே முதலில் ஏமாற்றப்படுவான். பெயர், ஊர், வேலை செய்த நாள், கொடுத்ததாக எழுதிய தொகை ஆகியவையோ பொதுப்பணத்தின் கணக்கு. பெயரை நீக்கி, 'இவ்வூரில் நாற்பதின்மர்க்குக் கூலி கொடுக்கப்பட்டது' என்று மட்டும் வெளியிட்டால், கோட் கிரானாவில் வெளிப்பட்ட பொய்களுள் ஒன்றேனும் வெளிப்பட்டிராது. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தெருவில் அமர்ந்தவர்கள் கேட்டதும் அந்தப் பெயர்ப் பட்டியல்களையும் பற்றுச்சீட்டுகளையும் பார்க்கும் உரிமையையே.