திரங்குதல் என்னும் சொல்



காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதலடியிலேயே, பேச்சு வழக்கில் அருகிவிட்ட ‘திரங்கி’ என்னும் வினையெச்சம் வருகிறது. இதற்குச் ‘சுருங்கி’ என்று ஒரு சொல்லில் பொருள் எழுதிவிட்டு நகர்வது போதாது. சுருங்குதல் அளவு குறைவதை மட்டும் சொல்வது. வாடுதல் நீரின்றித் தளர்வது, வாடிய செடி நீர் வார்த்தால் நிமிரவும் கூடும். திரங்குதலோ ஈரம் வற்றி, உள்ளீடு குறைந்து, அதனால் மேற்றோல் மடிப்பு மடிப்பாக ஒடுங்கிப்போன நிலை.

இதற்குச் சான்று அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. கொடியில் பச்சையாய், வழவழப்பாய் உருண்டிருக்கும் காய், வெயிலில் உலர உலரக் கறுத்து, உள்ளிருக்கும் விதை கெட்டியாய் நிற்க, மேலிருந்த சதைத்தோல் மட்டும் வற்றி அதன்மேல் ஒட்டிக்கொள்வதால் வரிவரியாய்ச் சுருக்கம் விழுந்த மிளகாகிறது. அதனாலேயே நிகண்டுகள் மிளகுக்குத் ‘திரங்கல்’ என்றும் ஒரு பெயர் தருகின்றன. தொழிலின் பெயர் அத்தொழிலுக்கு உள்ளான பொருளுக்கு ஆகி வருவதால் இது தொழிலாகுபெயர்.

‘நரை திரை மூப்பு’ என்னும் தொடரிலுள்ள ‘திரை’, அதாவது முதுமையில் தோலில் விழும் மடிப்பு, இச்சொல்லுக்கு உறவு. கடலலையும் திரை, மடிந்து தொங்கும் சீலையும் திரை. மலையாளத்தில் ‘திர’ அலையையும், கன்னடத்தில் ‘தெரெ’ அலை, சீலை இரண்டையும் குறிப்பதைப் பார்த்தால், மடிதல் என்னும் ஒரே கருத்திலிருந்து இவை கிளைத்தன என்பது விளங்கும்.

பதிகத்தின் முதற்பாட்டு அம்மையார் தம் உருவத்தையே தீட்டியது என்று பலர் சொல்லக் கேட்கலாம். ஆனால் பாட்டில் வருவது சுடுகாட்டில் உலவும் ஒரு பெண்பேய்; அம்மையார் தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்று சொல்லிக்கொள்வது பதிகத்தின் இறுதியில்தான். ஆயினும் சோழர் காலச் சிற்பிகள் அவ்வுருவையே அவருக்கு அளித்தனர்: அமெரிக்காவில் கேன்சஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள செப்புத் திருமேனியில், எலும்பு துருத்திய மெலிந்த உடலோடு அமர்ந்து அவர் தாளமிடுகிறார்.

உன் கையிலுள்ள உரையில் ‘சுருங்கி’ என்று மட்டும் இருக்குமானால், அதன் பக்கத்தில் ‘வற்றி’ என்பதையும் பென்சிலால் எழுதிக்கொள்.