இலகுவான மடிக்கணினியை ஆயத்தஞ் செய்தல்

தாவீது கோலியாத்தோடு பொரச் சென்ற ஞான்று சவுல் அரசன் தன் தலைச்சீராவையும் கவசத்தையும் அவனுக்கு அணிவித்தான் என்பதும், அவற்றைத் தாங்கி நடந்து பழக்கமில்லையென்று அவன் அவற்றைக் களைந்துவிட்டுக் கவணையே எடுத்துச் சென்றான் என்பதும் நாமனைவரும் அறிந்த வரலாறு. நம் கல்லூரியிற் புதிதாகச் சேரும் மாணாக்கர் மடிக்கணினி வாங்கப் புறப்படும்போதெல்லாம் எனக்கு இவ்வரலாறே நினைவிற்கு வருகின்றது. கடைக்காரர் எடுத்துக் காட்டுவது விளையாட்டிற்கென அமைந்த பெரும் பொறி. இரண்டரை கிலோ நிறையுடையது. மின்னிணைப்பை விட்டு எழுந்தால் நெடுநேரந் தாங்காதது. அதனைத் தாயாரின் வளையலை அடகு வைத்து வாங்கி வந்து, நூறு வரி கொண்ட பைத்தான் நிரலொன்றை எழுதும் மாணாக்கரை யான் பன்முறை கண்டிருக்கின்றேன். நிரலெழுதுதல், பாடங் குறித்தல், கடிதம் விடுத்தல், நூல் படித்தல் என்னும் இவற்றிற்கு அத்துணை வலிமை வேண்டுவதில்லை. வேண்டுவன யாவை என்பதை ஒரு குறித்த பொறியை எடுத்துக்கொண்டே ஈண்டுக் கூறுவேன்.

லெனோவா நிறுவனத்தார் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட திங்க்பேட் எக்ஸ் 260 என்பது 12.5 அங்குலத் திரையும் ஏறத்தாழ ஒன்றரை கிலோ நிறையும் உடையது. அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிட்டவை பழைய பொருள் விற்போரிடம் கிடைக்கும். இதன் மின்கலங்கள் இரண்டு; ஒன்று உள்ளே பொருந்தியிருப்பது, மற்றொன்று பின்புறத்தே கழற்றி மாற்றத்தக்கது. நினைவகத்திற்கு ஒரே பொருத்திடந்தான்; ஆயினும் அதில் 16 ஜிபி வரை இடலாம். 4 ஜிபியோடு வருமாயின் அதனை 8 ஆகவேனும் உயர்த்துதல் வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ளே இருக்குமாயின் அதனை அகற்றி எஸ்எஸ்டி இடுதல் அதனினும் முதன்மையானது. சுழல்வட்டில் ஒவ்வொரு கோப்பிற்கும் படிக்கும் முனை இடம் பெயர்ந்து சென்று காத்திருத்தல் வேண்டும். எஸ்எஸ்டியில் அசையும் உறுப்பே இல்லை. பழம் பொறி மெல்ல இயங்குகின்றதென்று நாம் குறை கூறுவதிற் பெரும்பகுதி அந்த முனையின் காத்திருப்பேயாம்.

வாங்குமுன் மூன்றனைச் சோதித்தல் தகும். விசைப்பலகையின் எல்லா விசைகளையும் அழுத்திப் பார்க்க. நிரலெழுதுவோர்க்கு ஒரு விசை சிக்கினாலும் துன்பமே. மின்கலம் செய்தபோது கொண்ட அளவில் இப்பொழுது எத்துணை கொள்கின்றதென்று பார்க்க. பயாஸ் பகுதிக்கு முன்னைய அலுவலகத்தார் இட்ட கடவுச்சொல் நீக்கப்பட்டுள்ளதா என்றும் கேட்க. அது நீக்கப்படாத பொறி எத்துணை மலிவாயினும் வேண்டா.

இத்தகைய பொறி மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதன் செயலி இன்டெல்லின் ஆறாந் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாந் தலைமுறை தொடங்கியே முறைப்படி ஏற்கும். விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. ஆகவே, பழுது ஒன்றுமில்லாத பொறிகள் காலங்கடந்தனவென்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றிற்கு மறுவாழ்வு அளிப்பது லினக்ஸ். லினசு டார்வால்ட்ஸ் என்பார் 1991-ல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கராயிருந்தபோது இதனைத் தொடங்கினார். லினக்ஸை மையமாகக் கொண்டு தொகுக்கப்பட்ட இயங்குதளங்களுள் ஒன்றாகிய டெபியனை 1993-ல் தொடங்கிய இயன் மர்டாக் என்பாரும் அப்பொழுது மாணாக்கரே. அப்பொழுது தம் காதலியாகவிருந்த டெப்ரா என்பாரின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்தே அவர் இப்பெயரை அமைத்தார். இதன் பதிப்புகள் ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவன. 13-ஆம் பதிப்பாகிய டிரிக்ஸி 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. அவசரமின்றி, சோதித்தே வெளியிடும் இவ்வியல்பு படிப்பு நடக்கும் மூன்றாண்டிற்கும் ஏற்றது. 12-ஆம் பதிப்பு முதல் வைஃபை முதலிய உறுப்புகளுக்கு வேண்டிய மென்பொருளும் நிறுவற்கோப்பிலேயே சேர்க்கப்பட்டிருத்தலின், முன்னிருந்த பெரியதோர் இடர் நீங்கிற்று.

நிறுவற்கோப்பை இறக்கி, உடன் வெளியிடப்படும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, பென்டிரைவில் எழுதிக்கொள்க. இதுவரை எளிது. அடுத்த படியில் ஒரு கணம் நிற்றல் வேண்டும். யான் சில ஆண்டுகட்கு முன் ஒரு மாணாக்கரின் கணினியில் இதனை நிறுவ முற்பட்டேன். வட்டு முழுவதையும் பயன்படுத்தலாமா என்று திரை வினவிற்று. யானும் பேச்சிடையே ஆம் என்று அழுத்திவிட்டேன். அவர் தம் கோப்புகளையெல்லாம் எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னது பாடக் கோப்புகளை மட்டுமே குறித்தது. மறைந்த தந்தையாரின் படங்கள் வேறொரு பகுதியில் இருந்தன. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அதுவே எனக்குப் பெரிதும் வருத்தமாயிற்று. அன்று முதல், பொறிக்குரியவர் தம் படங்களையும் கோப்புகளையும் வேறொரு வட்டில் திறந்து காட்டினாலன்றி யான் பென்டிரைவைச் செருகுவதில்லை.

வட்டைப் பகுக்கும்போது ஹோம் பகுதியைத் தனியே வைத்தல் நன்று. பின்னொரு நாள் இயங்குதளத்தை மீள நிறுவ நேரினும் சொந்தக் கோப்புகள் தீண்டப்படாமல் இருக்கும். வட்டினை மறையாக்கம் செய்யும் வசதியையும் ஏற்றுக்கொள்க. இலகுவான பொறி பேருந்திலும் விடுதியிலும் எளிதிற் களவு போகும். பொறி போயினும் உள்ளிருப்பது பிறர் கைப்படலாகாது. அதன் கடவுச்சொல்லை மறந்தாலோ மீட்பார் ஒருவருமில்லை.

திரைச்சூழலாக எக்ஸ்எஃப்சிஇயைத் தேர்ந்தால் நினைவகம் சிறிதே செலவாகும். ஆயினும் இதனைப் பெரிதாக எண்ணி மயங்குவோர் உளர். எத்துணைச் சிக்கனமான சூழலை அமைப்பினும் உலாவியில் நாற்பது பக்கங்களைத் திறந்து வைப்போர்க்கு 8 ஜிபியும் போதாது.

இனித் தமிழ். இவ்விடத்திற் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு அதற்குரிய எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். 1999-ல் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டையொட்டி நிலைபெற்ற இவ்வமைப்பில் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தின் பின் ககரம் வரினும் அவ்வாறே. ஆங்கில ஒலிகொண்டு தமிழைத் தட்டெழுதுவோர் ஒரு வாரம் இதனைப் பயின்றால் பழைய முறைக்கு மீள விரும்பார் என்பது என் துணிபு.

நிரலெழுதுவோர்க்கு இங்கே ஒரு நுட்பமும் உண்டு. கல்லூரி என்னுஞ் சொல்லில் நம் இலக்கணப்படி எழுத்துகள் நான்கு. பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்பின் ஏழு என்று விடை வரும். யூனிகோடு முறையில் புள்ளிக்கும், ஊகார இகரக் குறிகட்கும் தனித்தனி எண் உண்மையே காரணம். அதனையே யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக இருபத்தொரு பைட்டு கொள்ளும். ஆங்கிலச் சொற்களை மட்டுமே வைத்துச் சோதித்த நிரல், தமிழ்ப் பெயரொன்றை நடுவே வெட்டிக் குறியைத் தனியே தொங்கவிடுவது இதனாலேயே. இதனைத் தம் பொறியிற் கண்ட மாணாக்கர் எழுத்தென்பது யாது என்று தமிழாசிரியரிடமும் வினவுவர், வினவல் வேண்டும்.

நிரற்கருவிகளைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். ஒரு திருத்தி, சி மொழிக்குரிய தொகுப்பி, பைத்தான், கிட் ஆகிய இவை தொடக்கத்திற்குப் போதும். பைத்தானின் புறத்தொகுப்புகளை இயங்குதளத்திற்குரிய பைத்தானிலேயே பிப் கொண்டு நிறுவ முயன்றால் டெபியன் 12 முதல் மறுப்புரை வரும். இயங்குதளத்தின் சில கருவிகள் அதே பைத்தானை நம்பியிருத்தலின் இம்மறுப்பு நம் நன்மைக்கே. மறுப்பை மீறும் வழியைத் தேடாது, ஒவ்வொரு வேலைக்கும் தனித்த மெய்நிகர்ச் சூழல் ஒன்றை அமைத்துக்கொள்க. கிட் என்பது 2005-ல் அதே டார்வால்ட்ஸ் இயற்றியது. நிரலின் ஒவ்வொரு நிலையையும் குறித்து வைப்பது. முதல் நாளிலிருந்தே அதனைப் பழகினோர் தேர்வுக்கு முந்தைய இரவில் நிலைகுலைவதில்லை.

குறையையும் மறையாது சொல்லல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இதில் நேரே இயங்காது. லிப்ரே ஆபீஸ் பெரும்பாலும் போதுமாயினும் சிக்கலான கோப்புகளின் அமைப்புச் சிலபோது கலையும். வேலைக்கு ஆளெடுக்கும் இணையத் தேர்வுகளிற் சில விண்டோஸையே வேண்டும். அந்நாளில் கல்லூரிக் கணினிக்கூடத்தை நாடுவதே வழி.

மின்கலத்தைக் காக்க டிஎல்பி என்னும் கருவியை நிறுவி, 80 விழுக்காட்டில் ஏற்றம் நிற்குமாறு அமைக்கலாம். லித்தியம் மின்கலம் எப்பொழுதும் நிறைந்த நிலையிலும் வெப்பத்திலும் இருப்பின் விரைவில் தேயும். நெடும்பயணத்திற்கு முன் மட்டும் முழுதும் ஏற்றிக்கொள்க.

கடைசியாக, படிகள் இரண்டு வைக்க. ஒன்று புறவட்டில், மற்றொன்று வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. கிட் நிரலைக் காக்கும். குடும்பப் படங்களை அதன் பொறுப்பில் விடுவார் இலர். மேற்சொன்ன மாணாக்கரின் மாமா வீட்டிற் கிடந்த பழைய கைப்பேசியொன்றில் தந்தையாரின் படங்கள் பதினேழு பின்னர்க் கிடைத்தன. அவற்றை அவர் என் அறைக்குக் கொண்டுவந்தார். இருவருமாக இரண்டு வட்டுகளிற் படியெடுத்தோம்.